பாபினும் செவலையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில், நாயையும் பூனையையும் இரண்டு நாள் ஒரே அறையில் விட்டால் அவையே பழகிக்கொள்ளும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அந்த யோசனையைச் செய்து பார்த்துச் சூடுபட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டிலேயே தையல் வேலை எனக்கு. குட்டியாக இருந்தபோது மெஷினிலிருந்து நூல் சுற்றும் பாபினைக் கவ்விக்கொண்டு ஓடியதால் என் பூனைக்குப் பெயரே பாபின். ஐந்து வருடமாக மெஷினுக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணி மூட்டைதான் அதன் மெத்தை. போன ஐப்பசியில், தீபாவளித் துணிகள் குவிந்து கிடந்த நேரம் பார்த்து, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய என் தம்பி தன் சிப்பிப்பாறை நாயைக் கொண்டுவந்து விட்டான். செவலை நிறம், பெயரும் செவலை. "ரெண்டையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்துக்கா, அரை மணி நேரத்துல சரியாயிரும்" என்றான்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். எதிரே ஒன்று ஓடினால் துரத்தாமல் அதனால் இருக்க முடியாது. பயந்த பூனை ஓடாமல் என்ன செய்யும்? செவலையின் மூக்கில் ஒரு கீறல், ஆரி வேலை செய்த ரவிக்கை ஒன்று கந்தல், பாபின் பரண் மேல். இரண்டு நாள் இறங்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

கால்நடை மருத்துவர் முதலில் என்னைத்தான் திட்டினார். பூனை நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடுமாம். சாப்பாட்டைப் பரணுக்கே கொண்டுபோகச் சொன்னார். அப்புறம், "முகத்தைக் காட்டாதீங்கம்மா, முதல்ல வாசனையைக் காட்டுங்க" என்றார்.

வெட்டுத்துணிக்கா என்னிடம் பஞ்சம்? செவலையின் கழுத்தில் தேய்த்த லைனிங் துண்டைப் பாபினின் தட்டுக்குக் கீழே விரித்தேன். பாபினின் கன்னத்தில் தேய்த்ததைச் செவலையின் சாக்கில் போட்டேன். மூன்று நாள் அந்தத் தட்டைப் பாபின் முறைத்துக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் அந்தத் துணி மேலேயே உட்கார்ந்து மீனைத் தின்றது. பிறகு சாத்திய நடுக்கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஆறடி தள்ளி ஆரம்பித்து, இன்ச் டேப் வைத்து தினமும் அரையடி நெருக்கினேன். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார், சிரிக்கட்டும்.

கதவைத் திறந்தபோது செவலை கயிற்றில்தான் இருந்தது. அதற்கு முன்னால் விடியற்காலையில் கண்மாய்க்கரையில் நன்றாக ஓடவிட்டுக் கூட்டி வந்துவிடுவேன். குரைப்பதைவிட, உடம்பு விறைத்து வாயை மூடிக்கொண்டு பூனையையே வெறிப்பதுதான் ஆபத்து. அப்படி வெறித்தால் வெளியே கூட்டிப் போய்விடுவேன். பூனையை விட்டு என் முகத்தைப் பார்த்தால் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. ஒரு வாரத்தில் பாபினைப் பார்த்ததுமே ஈரலுக்காக என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது!

இரண்டுக்கும் பாஷையே வேறு. வாலாட்டினால் நாய்க்குப் பெரும்பாலும் குஷி, பூனைக்கு எரிச்சல். நாய் முன்னங்காலைத் தூக்கினால் பல நேரம் விளையாடலாம் வா என்று பொருள். பூனை தூக்கினால் அடி விழப்போகிறது. பாபின் தப்பிக்க ஜன்னலிலிருந்து பரண் வரை இரண்டு பலகை அடித்தோம். மணல் தட்டும் செவலைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பூனை கழித்ததை நாய் பலகாரம் மாதிரி தின்னும்.

எல்லாம் ஒரு நிலைக்கு வர நாற்பத்தேழு நாள் ஆயிற்று. இப்போது செவலை வாசல் நிலையில் படுத்திருக்கும், பாபின் மெஷினடியில். ஒட்டி உறவாடவில்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் பட்டன், நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும்போது நடுக்கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறேன்.

இன்னொன்றையும் தயவுசெய்து பிரசுரியுங்கள். உண்ணிக்காக நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அது பூனைக்கு விஷம். நாயை உரசிப் படுத்தாலே, நக்கினாலே போதும், வலிப்பு வந்து உயிரே போகலாம். நான் வாங்கி வந்த டப்பாவில் அது பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தது. மருத்துவரிடம் காட்டியதால் பாபின் பிழைத்தது. பூனையும் இருக்கும் வீடு என்று கடையில் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கோவில்பட்டி.