கடலை மேற்கே வைத்த வரைபடம்: பூங்கா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுச்சேரிப் பூங்காத் துறை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நுழைவுச் சீட்டோடு சேர்த்துக் கையில் கொடுக்கிறீர்களே, பூங்காவின் வரைபடம் போட்ட அந்த மடிப்புத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் பூங்கா என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே இரண்டு முறை மனு கொடுத்துவிட்டேன், முத்திரை குத்திய நகல் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவதை எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுத வைத்தது போன ஞாயிற்றுக்கிழமை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா வந்திருந்தார். வயது 68, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் கழிவறை எங்கே என்று கேட்டார். தாளை விரித்தேன். இடது ஓரத்தில், வாசலுக்கு நேர் எதிர்க்கோடியில், சின்ன ஆண் பெண் படம் போட்டிருந்தது. சரி என்று நடந்தோம். அக்கா நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். போய்ச் சேர்ந்தால் அங்கே உரக்குழியும் உடைந்த சறுக்கு மரமும்தான். "ஏன்டா, படத்துல இருக்கு, தரையில இல்லையே" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. அவர் அவசரம் அவருக்கு. தோட்ட வேலை செய்கிற அம்மா ஒருவர்தான் கைத்தாங்கலாகத் திரும்ப அழைத்துப் போனார். கழிவறை எங்கே இருந்தது தெரியுமா? சீட்டுக் கொடுக்கும் இடத்திலிருந்து ஐம்பது தப்படியில்.

வீட்டுக்கு வந்து தாளை மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வடக்கு அம்பு மேலே காட்டுகிறது, 'கடற்கரைக்கு' என்ற அம்பு இடது பக்கம் காட்டுகிறது. புதுச்சேரியில் கடல் மேற்கே! பக்கத்தில் படம் அழகாக உட்காரட்டும் என்று யாரோ வரைபடத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, எழுத்துகளை மட்டும் மேலே மறுபடி அடித்திருக்கிறார்கள். 'வாசல்' என்ற எழுத்து பழைய இடத்திலேயே நிற்க, கழிவறைப் படம் எதிர்க்கோடிக்குப் போய்விட்டது. தினமும் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கிற ஊரில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நான் 31 வருடம் அச்சகத்தில் இருந்தவன். ஈய எழுத்துக் கோத்ததில் தொடங்கி, கணினியில் பக்கம் அமைக்கிற டிடிபி வரைக்கும் பார்த்தாயிற்று. தப்பு எல்லோருக்கும் வரும், புரூஃப் பார்ப்பது அதற்குத்தான். உங்கள் தாளில் 'செம்பருத்தி'யின் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் இப்படித்தான் ஆகும், இரண்டு சொடுக்கில் சரியாகிற விஷயம். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர். அதை மூன்றாக மடிக்கும்போது உள்ளே போகிற பக்கத்தை 97, மற்ற இரண்டையும் 100 என்று வைப்போம். நீங்கள் மூன்றையும் 99 ஆக்கியதில் உள்பக்கம் முட்டிக்கொண்டு, தாள் வாயைப் பிளந்து நிற்கிறது. பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேறு. வெயிலில் விரித்தால் கண் கூசுகிறதே தவிர எழுத்து தெரியவில்லை. இதற்குப் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும், விலையும் குறைவு.

தாளின் பிரெஞ்சு மொழிப் பகுதியை எங்கள் தெருவில் பிரெஞ்சு சொல்லித்தரும் ஒருவரிடம் காட்டினேன். ஓர் உச்சரிப்புக் குறிகூடத் தவறவில்லையாம். சந்தோஷம். தமிழில்தான் நாகலிங்க மரம் 'பீரங்கிப் பந்து மர'மாகவும், தூங்குமூஞ்சி 'மழை மர'மாகவும் ஆகிவிட்டன. ஆங்கிலத்தை ஏதோ ஓர் இயந்திரத்தில் போட்டு எடுத்தது அப்படியே தெரிகிறது. இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட நாகலிங்கப் பூவை எடுத்து, உள்ளே இருக்கிற லிங்கத்தைக் காட்டும். அதே தாளில் வருகிற பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்துக்கு 'வெள்ளை நிறக் கட்டடம்' என்று ஒரே வரி. ஆயி என்ற பெண் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய கதையும் இல்லை, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்ததன் நினைவாக எழுந்த மண்டபம் என்பதும் இல்லை. குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடினேன், அதுவும் இல்லை. ஆனால் முகப்பில் பெரியவர்கள் படம் ஐந்து, முடி ஒவ்வொன்றும் தெரிகிற துல்லியம். வழி தெரியாமல் நிற்பவர் அவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம் போல.

மன்னிக்கவும், வாய் நீண்டுவிட்டது. மனுக்களில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். அடுத்த பதிப்பு மெஷினுக்குப் போகும் முன் ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். அரை மணி நேர வேலை. முடிந்தால் முழங்கால் வலி உள்ள ஒருவரை அனுப்புங்கள். தமிழ் புரூஃபை என்னிடம் கொடுத்தால் ஒரே நாளில் திருத்தித் தருகிறேன், கூலி வேண்டாம்.

அக்கா பொங்கலுக்கு மறுபடி வருகிறார். அதற்குள் முழுத் தாளையும் மாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை. கழிவறையை மட்டுமாவது தாளில் அது இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி