கருவேலத்துக்கு இரண்டு பெயர், மாணவிக்கு ஓர் அரியர்

பல்கலைக்கழகத் தாவரவியல் விடைக்குறிப்புக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கருவேலத்தின் அறிவியல் பெயரைக் கேட்ட வினாவைப் பற்றித் துறை வழியாக இருமுறை எழுதியும் பதில் வராததால், இந்த மடலைத் திறந்தே எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் மாணவி ஒருத்தி அவ்வினாவுக்கு ‘வாசெலியா நைலோடிகா’ என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘பழைய பெயர் அகேசியா நைலோடிகா’ என்றும் குறித்திருக்கிறாள். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பெயர்களின் மேலும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடு. ஒரு மதிப்பெண்ணில் அரியர் விழுந்திருக்கிறது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியதற்கு ‘மாற்றமில்லை’ என்ற ஒற்றைச் சொல் திரும்பி வந்தது. கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்து வளர்ந்த பெண் அவள். விதைக்கு விதை இடுக்கி, சாம்பல் பூத்த மணிமாலை போலத் தொங்கினால் கருவேலங்காய், மஞ்சளாக நீண்டு கிடந்தால் சீமைக்கருவேலங்காய் என்று களப்பயணத்தில் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவள். இலையடிச் செதில்கள் முள்ளாக மாறி இரண்டிரண்டாக நிற்பதால்தான் கருவேலம் வாசெலியா பேரினம், கொக்கி முள் கொண்ட சீயக்காய் செனகாலியா பேரினம் என்று, செடியை உலர்த்தி ஒட்டும் தன் ஹெர்பேரியத் தாளில் காரணத்தோடு எழுதியவளும் அவளே.

பெயர் மாறிய கதை தாங்கள் அறியாததல்ல. 2005ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில், பெயரை மாற்றும் முன்மொழிவுக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் எதிராக விழுந்தும், அதைத் தடுக்கத் தேவையான அறுபது விழுக்காடு எட்டாததால், அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போயிற்று; நம் கருவேலம் வாசெலியா ஆயிற்று. 2011இல் மெல்போர்னில் அது உறுதியானது. முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர், பெரும்பாலும் முள்ளே இல்லாத மரங்களுக்குப் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் வாசெலியா நமக்கு அந்நியப் பெயரன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னட்டுடன் சேர்ந்து 1834இல் வெளியிட்ட பேரினம் அது. பேரினம் மாறினாலும், 1753இல் லின்னேயஸ் ‘மிமோசா நைலோடிகா’ என்று எழுதியபோது இட்ட சிற்றினப் பெயர் இன்றும் அப்படியே நிற்கிறது. பழைய பெயரை எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விடைத்தாளில் அடிக்கோடிடாத அறிவியல் பெயருக்கு அரை மதிப்பெண் குறைக்கிறோம். அந்த விதியை அவ்வளவு கறாராகக் காக்கும் நம் வினாத்தாளிலேயே சிற்றினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. சாய்வெழுத்தும் இல்லை, அடிக்கோடும் இல்லை. வினாத்தாளுக்கு யார் அரை மதிப்பெண் குறைப்பது? சீமைக்கருவேலம் 2022இல் புரோசோபிஸிலிருந்து நெல்டுமாவுக்கு மாறிவிட்டது. அடுத்த பருவத்தில் அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளையையும் தண்டிக்கத்தான் போகிறோம் போலும். வகைப்பாட்டியலில் புதியதைப் படிக்காதே என்று பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுவிட்டால் எங்களுக்கும் வேலை மிச்சம்.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள்க. இன்று ஏற்கப்பட்ட பெயர், அதற்கு முன் வழங்கிய இணைப்பெயர் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்து, இந்தத் தாளையும் அதன்படி மீண்டும் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதுநிலைச் சேர்க்கை முடியும் முன் அது நடந்தால்தான் அவளுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்