அட்டையில் தேதியைப் போடுங்கள்

பழைய ஜாஸ் கச்சேரிப் பதிவுகளை மறுபடி வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவரிடம் ஓர் இசைத்தட்டு வாங்கினேன். பெயர் வேண்டாம். தெலோனியஸ் மங்க் பியானோ, ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன். ‘இதுவரை வெளிவராதது, நியூயார்க், 1957’ என்று அட்டையில் இருந்தது. சுங்க வரியும் கட்டி வாங்கி, ஊசியை வைத்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என்னிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுதான் இது.

இதன் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கோல்ட்ரேனின் மனைவி நைமா ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சின்ன ரெக்கார்டரில் பிடித்தது. 1993இல் வெளிவந்தபோது 1957 என்றார்கள். அப்புறம்தான் அது 1958 செப்டம்பர் 11 என்று தெரிந்தது. அப்போது மங்க் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஜானி கிரிஃபினுக்குப் பதிலாகக் கோல்ட்ரேன் வந்து வாசித்த இரவு அது. டிரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ். 1957இல் டிரம்ஸ் வாசித்தவர் ஷேடோ வில்சன்.

ஒரு வருடம்தானே என்பீர்கள். 1957இல்தான் கோல்ட்ரேன் ஹெராயினை விட்டார், மங்க்கிடம் மாதக்கணக்கில் பாடம் கேட்டதுபோல வாசித்தார். அடுத்த வருடம் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குத் திரும்பிவிட்டார். தேதியை நம்பி, ‘ஓ, 1957லேயே இவ்வளவு வேகமா!’ என்று பல வருடம் நான் வியந்துகொண்டிருந்தேன். தப்பான வருடத்துக்குப் பழகிய காதை யார் திருத்துவது? அந்தத் தப்பையே நீங்கள் திரும்பவும் அச்சடித்து விற்கிறீர்கள்.

கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று ஒரு பதில். தட்டின் எடை 180 கிராம் என்று மட்டும் அட்டையில் துல்லியமாக இருக்கிறது. தராசு வைத்திருப்பவர்களிடம் நாட்காட்டி இல்லை போலிருக்கிறது. ஊதா நிறத் தட்டு வேறு, எண் போட்ட பிரதி வேறு! சரி, அதை விடுங்கள்.

1957 நவம்பர் 29 அன்று இதே இருவரும் கார்னகி ஹாலில் வாசித்ததை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவு செய்தது. அந்த நாடாக்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடந்து 2005இல்தான் கண்ணில் பட்டன. ஒரு பெட்டியில் யாரோ ‘டி. மங்க்’ என்று கையால் எழுதி வைத்திருந்தார். பெயர் தெரியாத அந்த ஊழியர் செய்த அளவுக்குத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

எந்தத் தேதி, எந்த இடம், யார் பதிவு செய்தது, முன்பு எந்தப் பெயரில் வந்தது என்று நான்கு வரி போடுங்கள். தேதி உறுதியில்லை என்றால் அதையே எழுதுங்கள். அடுத்த பதிப்பிலாவது தயவுசெய்து செய்யுங்கள்.

என் தட்டின் அட்டையில் 1957ஐ அடித்துவிட்டு, பென்சிலால் சரியான தேதியை நானே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரே கச்சேரியை இரண்டு முறை வாங்கியவன்