அலுமாரிக்குள் செத்துக் கிடந்த பற்றரிகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. முழங்கால் பரவாயில்லை, மூன்றாம் மாடிக்கு ஏறும்போது மட்டும் கோபிக்கிறது.

போன கிழமை அலுமாரியை ஒதுக்கினேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது அடிபட்டு வாங்கிய சார்ஜ் லைட் இரண்டு, குட்டி மின்விசிறி, பவர் பேங்க் எல்லாம் கிடந்தன. ஒன்றிலும் உயிர் இல்லை. பாவித்துக் கெட்டவை அல்ல, பாவிக்காமல் கெட்டவை. லைட்டுக்குள் இருப்பது சின்ன ஈயப் பற்றரி. அதை வெறுமையாக விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏறாது. பவர் பேங்கில் இருக்கும் லிதியம் வேறு சாதி. முழுக்க ஏற்றி வைத்தாலும் பிடிக்காது, முழுக்க இறங்கினாலும் பிடிக்காது. பாதியளவு ஏற்றி, சூடில்லாத இடத்தில் வைத்து, இடைக்கிடை பார்க்க வேண்டும். நான் வைத்திருந்ததோ பின்னேர வெயில் காயும் சுவரோரம்! பவர் பேங்க் பூரி மாதிரி உப்பியிருந்தது. பேரன் குத்திப் பார்க்கவா என்றான். குத்தினால் தீப்பிடிக்கும், அடுப்படியில் வேண்டாம் என்று பறித்து, மண் நிரப்பிய வாளியில் போட்டு பல்கனி நிழலில் வைத்தேன்.

குப்பைப் பையில் போட மனம் வரவில்லை. கொழும்புக் குப்பையில் ஒரு பங்கை 2021 முதல் கெரவலப்பிட்டியில் எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். கரண்ட் இல்லாத நாளுக்கு வாங்கிய பற்றரியையே எரித்துக் கரண்டா? மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஃபோன் பண்ணியிருக்கிறேன்.

சரி, உன் விஷயம். பழைய கோட்லஸ் ஃபோன் பற்றரிகளைத் தென்னையடியில் தாட்டுவிடப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மச்சான். அந்தக் காலத்துப் பற்றரி பெரும்பாலும் நிக்கல்-கட்மியம். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. உங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே போட்டது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை எனக்கு எழுதியதே நீதானே?

முனைகளில் டேப் ஒட்டி ஒரு பேணியில் போட்டு வை. பொங்கலுக்கு வரும்போது நான் எடுத்துக்கொண்டு போகிறேன். உப்பினது இருந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன், அதை வெளியே தனியாக வை. அப்புறம், ஒடியல் மாவுக்கு வேறு பேணி பார்.

அன்புடன்,
ரவி