நாற்காலிய திருப்பிப் போட்ட பொண்ணுக்கு

அம்மா நேத்து ஐசியூல இருந்து வார்டுக்கு மாறிட்டாங்க. விஷயம் உங்க எல்லாருக்கும் தெரியும், அந்த 11 நாள திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. ரத்தம் குடுத்தவங்க, மாத்தி மாத்தி வெளிய பெஞ்சுல படுத்தவங்க, என் கிளாஸையும் சேத்து எடுத்த டீச்சர்ஸ், பதிலே வராதுன்னு தெரிஞ்சும் தினம் ஒரு மெசேஜ் போட்டவங்க, எல்லாருக்கும் சேத்து ஒரு பெரிய கும்பிடு. நேர்ல வந்து சொல்றேன்.

ஒருத்திய பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்லிக்கறேன். பேர் போடாதீங்க மேம்னுட்டா.

மூணாவது நாள் ராத்திரி, பெட் பக்கத்துல உக்காந்து மானிட்டரையே பாத்துட்டிருக்கேன், ஆக்சிஜன் 93, 92, 91, திரும்ப 93, நர்சிங் காலேஜ்ல 16 வருஷமா பாடம் எடுக்கறவ நான், விரல் அசைஞ்சாலே அந்த நம்பர் தப்பா காட்டும்னு நானே கிளாஸ்ல சொல்வேன், அங்க உக்காந்தா ஒண்ணும் ஞாபகம் வரல, ஒவ்வொரு பீப்புக்கும் வயித்த பிசையுது. நைட் டியூட்டி நர்ஸ் வந்தா. விரல்ல மாட்டினத சரி பண்ணா, என்னை எழுப்பி நிக்க வச்சா, நாற்காலிய அப்படியே திருப்பிப் போட்டா. மானிட்டர் என் முதுகுப் பக்கம், அம்மா முகம் எனக்கு நேரா. "மேம், இந்த நம்பர் எங்க ஸ்டேஷன் ஸ்க்ரீன்லயும் ஓடுது. அலாரம் கேக்கறது என் வேலை. நீங்க கைய பிடிச்சுக்கோங்க." அவ்ளோதான், அடுத்த பெட்டுக்குப் போயிட்டா. அம்மா கை சில்லுனு இருக்கறதே அப்பதான் தெரிஞ்சுது. மூணு நாளா நான் தொடவே இல்ல.

மாஸ்க் போட்டிருந்தா, குரல வச்சுதான் கண்டுபிடிச்சேன், என் பழைய ஸ்டூடண்ட். நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட பேசற ரோல்பிளே டெஸ்ட்ல "உங்க கஷ்டம் புரியுது"ன்னு சொன்னா 2 மார்க். இவ அத சொல்லாம, சொந்தக்காரியா நடிச்ச பொண்ணுக்கு உக்கார ஸ்டூல் தேடிட்டிருந்தா, டைம் முடிஞ்சுது, நான் அந்த 2 மார்க்க வெட்டிட்டேன். வாயத் திறந்து பேசணும்மான்னு அட்வைஸ் வேற!

சலோவே, மேயர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990ல உணர்வுசார் நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வுகள புரிஞ்சு கையாள்ற திறமை) பத்தி எழுதினாங்க, 1997ல அத நாலு திறமையா பிரிச்சாங்க, அதுல முதலாவதே தனக்குள்ளயும் அடுத்தவங்ககிட்டயும் என்ன உணர்வு ஓடுதுன்னு கண்டுக்கறது. கிளாஸ்ல இத சொல்ற ஸ்லைட வருஷா வருஷம் அரை நிமிஷத்துல தள்ளிட்டு, என்ன சொல்லி சமாளிக்கணும்கற கடைசி ஸ்லைடுக்கு ஓடிடுவேன். மார்க் போட அதானே ஈஸி, சொன்ன வாக்கியத்துக்கு டிக் போடலாம், ஸ்டூல் தேடின கண்ணுக்கு எங்க டிக் போடறது?

உன் மார்க்க இனி மாத்த முடியாதும்மா. ஆனா செக்லிஸ்ட்ல அந்த 2 மார்க் வரிய இன்னிக்கு பேனாவால அடிச்சுட்டேன். அந்த எடத்துல என்ன எழுதறதுன்னு பிடிபடல. டியூட்டி இல்லாத நாளா பாத்து வா, சேந்து உக்காந்து எழுதலாம்.