கால் ஆணியை வெட்டும் முன் உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகர், கால் ஆணிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். சின்ன வேலைதான், பயப்பட வேண்டாம் என்று பதில் வந்திருந்தது. பதிலில் தவறில்லை. ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கால் ஆணிக்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் நின்றால் இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்பதுதான். எங்கள் பிரிவு வெள்ளை விரிப்பு போட்ட பலகை மேடை. அதில் செருப்புப் போட முடியாது. சாப்பாட்டு நேரம் அரை மணி. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி சீசனிலும் அதுவும் சுருங்கிவிடும்.

வலது காலில், இரண்டாவது விரலுக்கு நேர் கீழே, முன்பாதத்தில் ஒரு ஆணி. இடது காலில் சுண்டுவிரல் ஓரமாக இன்னொன்று. பார்த்தால் மிளகு அளவுதான் இருக்கும். மேல் தட்டில் இருக்கும் பட்டுச் சேலையை எடுக்க எக்கினால் உச்சந்தலை வரைக்கும் சுருக்கென்று ஏறும். அந்த நேரம் எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். முகத்தில் எதையும் காட்ட முடியாது. வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நின்று நின்று, இப்போது முழங்காலும் இடுப்பும் சேர்ந்துகொண்டன.

கைவைத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டுவது, அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை வைப்பது. எனக்கு மருதாணியில் தோல் கொஞ்சம் இளகும், சில நாள் சுகமாக இருக்கும், அப்புறம் பழையபடி. மெடிக்கல் ஷாப்பில் விற்கும், ஆணி மேல் ஒட்டும் கார்ன் கேப் பிளாஸ்திரி விஷயத்தில் மட்டும் எல்லோரையும் எச்சரிக்க விரும்புகிறேன். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலை ஊறவைத்து உரித்துவிடும். ஆனால் நல்ல தோல் எது, ஆணி எது என்று அதற்குத் தெரியாது. எங்கள் கடையில் ரெடிமேட் பிரிவில் இருக்கும் அக்காவுக்குச் சுகர். பாதம் லேசாக மரத்துப் போயிருந்ததால் கேப்புக்கு அடியில் புண்ணானது அவருக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார். ஆற மாதக்கணக்கானது. சுகர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கடைக்காரர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

நான் போனது ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம். அவர் எடுத்ததும் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. ஆணியை நேராக ஒரு தடவை அழுத்தினார், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு தடவை கிள்ளிப் பிடித்தார். நேராக அழுத்தியபோதுதான் எனக்கு உயிர் போனது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மேல் தோலைப் பிளேடால் மெல்லிய சீவல்களாகச் சீவினார். உள்ளே கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தால் அது பாதத்தில் வரும் மருவாக இருக்கலாம், வைரஸால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு என்றார். எனக்குப் புள்ளி இல்லை. நடுவில் கண்ணாடி போல ஒரு கெட்டியான முளை மட்டும் உள்நோக்கி இறங்கியிருந்தது. எலும்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடித்துக்கொண்டே போவதுதான் ஆணி, இதற்கு வேர் என்று எதுவும் கிடையாது என்று விளக்கினார். பிறகு என் செருப்பைக் கழற்றித் தரச் சொல்லித் திருப்பிக் காட்டினார். வலது செருப்பில் இரண்டாவது விரலுக்குக் கீழே ஒரு குழி விழுந்திருந்தது.

ஆபரேஷன் செய்யலாம், மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றி நிற்கக் கூடாது. உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் சிலருக்கு அந்தத் தழும்பே வலிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அழுத்தம் அப்படியே இருந்தால் ஆணி திரும்பவும் வரும். "எடுத்துவிட்டு அதே மேடையில் போய்த்தானே நிற்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவ்வப்போது போய்த் தடித்த தோலை மட்டும் சீவிக்கொள்கிறேன். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கினேன். ஆணிக்குச் சற்றுப் பின்னால் சின்ன மேடு ஒன்றை வைத்து ஒட்டித் தந்தார்கள். உடல் பாரம் முன்பாதத்தில் விழாமல் அந்த மேடு தாங்கிக்கொள்ளும். இந்த ரப்பர் செருப்புக்குப் பின்னால் வேலூர்க் கதை ஒன்று உண்டு என்று டாக்டர்தான் சொன்னார். அங்கே தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால்தான் புண் வருகிறது என்று கண்டு, மெத்தென்ற செருப்புக்காக மெனக்கெட்டவராம். வீட்டிலும் தெருவிலும் அந்தச் செருப்பால் எனக்கு வலி பாதியாகிவிட்டது. மேடையில்தான் வெறுங்கால்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லீவு கிடைக்காது, சம்பளம் போய்விடும் என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படுபவராக இருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டர் தரும் ஓய்வுச் சான்றிதழை வைத்து, வருடத்துக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கேட்டு வாங்கலாம். போதுமான நாட்களுக்குப் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கடையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இதையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் போடுங்கள்.

இனி ஸ்டூல் விஷயத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஸ்டூலும் வந்தது. சுவரோரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கும் பார்வையில் எழுந்துவிடத் தோன்றும். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூடச் சேலையை மடித்துக்கொண்டே நிற்பதுதான் பாதுகாப்பு. வயதான பெண்கள்கூட அப்படித்தான் நிற்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

தொழிலாளர் துறை ஆய்வாளர்களுக்கு உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தீபாவளி சீசனில் சாயங்காலம் ஏழு மணிக்கு வாருங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாத இடத்தில் எங்களைத் தனியாகக் கேளுங்கள், இன்றைக்கு எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று.

லைனிங் துணி கவுன்ட்டரில் செருப்புப் போட்டு நிற்கலாம் என்பதால் அங்கே மாற்றிக் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மாற்றிக் கொடுத்து, அவ்வப்போது உட்காரவும் விட்டு, அதன் பிறகும் வலி குறையவில்லை என்றால் பொங்கல் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவர்,
மதுரை.

(வேலை பார்க்கும் இடத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)