சேவை மணிக்கு மதிப்பெண் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகப் படிப்போடு சமூக சேவையையும் சேர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால், 'எத்தனை மணி நேரம்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. மெக்சிகோவில் பட்டம் பெற 480 மணி நேர சேவை வேண்டும் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது கையெழுத்திட்ட வருகைத்தாள்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோவர்ட் சேவையோடு சேர்ந்த பாடங்களுக்காக 1993-இல் தொகுத்த நெறிகளில் முதலாவது இதற்கு நேர்மாறானது: மதிப்பெண் சேவைக்கு அல்ல, அதில் கற்றதற்கு.

15 வாரப் பருவம் என்றால், முதல் 3 வாரம் மாணவர்களைக் களத்துக்கு அனுப்பவே கூடாது. சேவை அமைப்பின் பொறுப்பாளருடன் உட்கார்ந்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்டு ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்: என்ன வேலை, எந்தக் கிழமை, யார் மேற்பார்வை, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, முடிவில் எதை ஒப்படைப்பது. பிறகு வாரம் 2 மணி வீதம் 10 வாரம் களப்பணி. போய்வரும் நேரம் இதில் சேராது. அதைக் கால அட்டவணையில் தனியாக ஒதுக்காவிட்டால் அடுத்த வகுப்புதான் அடிபடும். கடைசி 2 வாரம் ஒப்படைப்புக்கு.

வேலை பாடத்தோடு ஒட்ட வேண்டும். புள்ளியியல் மாணவர்கள் மரக்கன்று நடுவது நல்ல காரியம், பாடம் அல்ல. அவர்களே ஒரு மருத்துவ முகாமின் பெயர் நீக்கிய பதிவேடுகளை எடுத்து, இரண்டாம் முறை வராமல் போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அலசினால், விடுபட்ட தரவு முடிவை எப்படிச் சாய்க்கிறது என்பது தானே புரியும்.

களக் குறிப்பேட்டில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற வரிக்கு மதிப்பெண்ணே தரக் கூடாது. என்ன பார்த்தீர்கள், படித்த கருத்து எங்கே பொருந்தவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றுவீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். ஆசிரியர் அதை வாராவாரம் படித்துத் திருப்பித் தர வேண்டும். ஒருவரிடம் 60 மாணவர்கள் இருந்தால் அது நடக்காது. 20 பேர் தாங்கும்.

திட்டம் பெரும்பாலும் உடைவது பருவ முடிவில்தான். மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த அண்ணனோ அக்காவோ தேர்வு வந்ததும் காணாமல் போனால், பிள்ளைகள் அடுத்து வருபவரை நம்ப மாட்டார்கள். தேர்வு வாரங்களை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பழைய அணி போகுமுன் புதிய அணி இரண்டு வாரமாவது கூடவே இருந்து பழக வேண்டும். அமைப்பின் ஊழியர் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். மாணவர் தரும் 20 மணியில் கணிசமான பங்கை அதுவே விழுங்கிவிடும். அதனால் ஒரே மாணவர் இரண்டு பருவம் தொடர்வதே அமைப்புக்குக் கட்டுப்படியாகும்.

இந்த மேற்பார்வையை ஆசிரியரின் பணிநேரத்தில் கற்பித்தல் மணியாகவே சேர்க்க வேண்டும். சேர்க்காத துறைகளில் இது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் தலையில்தான் விழுகிறது.

இப்படிக்கு,
சமூகப்பணித் துறை ஆசிரியர்கள் சிலர்